பனியில் வேட்டைக்காரர்கள்: குன்னூர் ஃப்ரேம் கடையில் செய்து வாங்கிய பிரதி

குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் குன்னூருக்கு ஏறும் வழியில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு ஃப்ரேம் கடை இருக்கிறது. சாமி படம், கல்யாண போட்டோ, ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கொடுக்கும் வாழ்த்துமடல், இவைதான் அங்கே அன்றாட வேலை. பழைய ஓவியங்களை நல்ல காகிதத்தில் அச்சடித்து வாங்கி, ஃப்ரேம் போட்டு, வீட்டுக்கு வந்து மாட்டியும் கொடுக்கிறார்கள் என்பது ஊரில் பலருக்குத் தெரியாது. 16-ஆம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் பீட்டர் புரூகல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ படத்தை அங்கே கொடுத்துச் செய்துகொண்டேன். வேலை அருமை. ஏன் அருமை என்று சொல்ல வேண்டுமானால் படத்தைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒரு பிரதி சரியாக வந்திருக்கிறதா இல்லையா என்பதற்கு அந்தப் படத்துக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

படம் 1565-ஆம் ஆண்டினது. ஓக் பலகையில் எண்ணெய் வண்ணம், 117 செ.மீ. உயரம், 162 செ.மீ. அகலம். ஆன்ட்வெர்ப் நகரத்து வணிகர் நிக்லாஸ் யோங்கெலிங்க் ஆண்டின் பருவங்களை வரைந்து தரச் சொல்ல, புரூகல் ஒரு வரிசையாக வரைந்தார். அதில் இன்று மிஞ்சியிருப்பவை 5. மூன்று வியன்னாவில், ஒன்று பிராக்கில், ஒன்று நியூயார்க்கில். நம் படம் இருப்பது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

மேட்டு நிலம் ஒன்றின் விளிம்பில் மூன்று வேட்டைக்காரர்கள் நமக்கு முதுகைக் காட்டியபடி ஊருக்கு இறங்குகிறார்கள். பின்னாலேயே நாய்க் கூட்டம், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. இத்தனை பேர் அலைந்ததற்குக் கிடைத்தது ஒரே ஒரு நரி. இடது பக்கம் ஒரு சத்திரம். அதன் பலகை ஒரு கொக்கி கழன்று கோணலாகத் தொங்குகிறது. வாசலில் பன்றியைத் தீயில் வாட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க உறைந்த குளங்கள், அவற்றின் மேல் எறும்பளவு மனிதர்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். அதற்கும் அப்பால் கூர்கூரான பாறைச் சிகரங்கள். புரூகலின் ஊர்ப்பக்கம் மலையே கிடையாது, சமதரை. 1550-களில் இத்தாலிக்குப் போய் வந்தவர், வழியில் பார்த்த ஆல்ப்ஸ் மலையைத் தன் ஊருக்குப் பின்னால் கொண்டுவந்து நட்டுவிட்டார்.

மலையில் குடியிருக்கிறவர்களுக்கு இந்தப் படத்தின் அமைப்பு யாரும் சொல்லாமலே பிடிபடும். கோடநாடு காட்சிமுனையில் நின்றிருப்பீர்கள். மாயாறு பள்ளத்தாக்கின் மேல் பருந்து ஒன்று சிறகை அசைக்காமல் மிதக்கும், ஆனால் அது நம் தலைக்கு மேலே இருக்காது, நம் கண் மட்டத்தில் இருக்கும், சில நேரம் காலுக்குக் கீழேயும் இருக்கும். அப்போதுதான் நாம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்பது வயிற்றில் உறைக்கும். புரூகலும் அதையே செய்கிறார். பள்ளத்தாக்கின் வெற்றிடத்தில் சிறகு விரித்த ஒரே ஒரு கரிய பறவையைப் பறக்க விடுகிறார். அந்தப் பறவையை விரலால் மறைத்துப் பாருங்கள், பள்ளத்தாக்கின் ஆழம் பாதியாகிவிடும்.

அப்புறம் அந்த மரங்கள். இடது ஓரத்திலிருந்து சரிவில் இறங்குகிற வரிசை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குட்டை. வேட்டைக்காரர்கள் போகும் திசையும் அதுவே. நம் கண் அந்தச் சரிவில் தானாக இறங்கிக் குளத்துக்குப் போகிறது, குளத்தைத் தாண்டி வலது பக்கச் சிகரங்களில் ஏறுகிறது, அங்கிருந்து வானத்தின் வழியே பறவைகளைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மரக்கிளைக்கு வந்து சேர்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் இந்தச் சுற்று நிற்பதில்லை.

இதெல்லாம் கடை விமர்சனத்தில் எதற்கு என்றால், முதல் சிக்கலே இங்கேதான் வந்தது. கடையில் 24-க்கு 36 அங்குல ரெடிமேட் சட்டங்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். “இதுலயே போட்டுட்டா உங்களுக்கு விலை கம்மியாகுங்க சார்” என்றார் கடைக்காரர். ஆனால் படத்தின் விகிதம் அதற்குப் பொருந்தாது. அகலத்தை 36 அங்குலமாக வைத்தால் உயரம் 26 அங்குலம் வரும். மேலேயும் கீழேயுமாக 2 அங்குலம் வெட்ட வேண்டும். மேலே வெட்டினால் வானத்தைத் தொடும் கிளை நுனிகள் போகும். கீழே வெட்டினால், பனியில் நாயும் மனிதரும் நடந்து வந்த கால்தடங்கள் தேயும், ஓவியரின் கையெழுத்தை ஒட்டிக் கத்தி விழும். அந்த அடித்தரைதான் நாம் நிற்கும் இடம். அது குறைந்தால் வேட்டைக்காரர்கள் சட்டத்தின் மேல் நடப்பது போல ஆகிவிடும். கடைக்காரர் ஒரு தாளில் படத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, தூரப்போய் நின்று பார்த்தார். “வேண்டாங்க சார், காலை வெட்டுனாப்புல இருக்குது. தனியா சட்டம் அடிச்சுக்கலாம்” என்று அவரே சொன்னார். எனக்கு அந்தக் கடை மேல் நம்பிக்கை வந்தது அந்த நேரத்தில்தான். கையில் இருக்கிற சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காமல் படத்தைப் பார்த்தாரே.

கடைசியில் அசலில் சரிபாதி அளவு, 23-க்கு 32 அங்குலம் என்று முடிவு செய்தோம். 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அடிக்க அகலத்தில் 9,600 பிக்சலாவது வேண்டும். இந்தப் படத்துக்கு அதைவிடப் பெரிய கோப்பே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, காப்புரிமைச் சிக்கலும் இல்லை.

அச்சு கடையில் அடிப்பதில்லை, கோயம்புத்தூரில் உள்ள ஒரு லேபுக்கு அனுப்புகிறார்கள். முழுப்படம் அடிப்பதற்கு முன்னால் சோதனைத் துண்டு கேட்டேன், மறுக்கவில்லை. இடது ஓரத்திலிருந்து ஒன்று, வலது ஓரத்திலிருந்து ஒன்று, ஆளுக்கு 6 அங்குல அகலம். இடது துண்டில் சத்திரம், நெருப்பு, நாய்கள். வலது துண்டில் வானம், சிகரம், குளம், தண்ணீர் உறைந்து நின்றுபோன ஆலைச் சக்கரம். இரண்டும் பஸ் பார்சலில் வந்து சேர்ந்தன. பார்த்ததும் மனசு விட்டுப்போயிற்று. பனி சலவைக்குப் போட்ட வெள்ளை, வானம் நீலம், மரங்கள் தார் பூசிய கறுப்பு. லேபில் யாரோ தானியங்கித் திருத்தத்தைப் போட்டு, படத்தைப் ‘பிரகாசம்’ ஆக்கியிருந்தார்கள்.

இந்தப் படத்தில் சூரியன் இல்லை. எந்த மரத்துக்கும், எந்த மனிதருக்கும் தரையில் நிழல் இல்லை. வெளிச்சம் ஒரு திசையிலிருந்து வரவில்லை, மூடிய வானம் முழுவதிலிருந்தும் சமமாக இறங்குகிறது. வானத்துக்குப் புரூகல் கொடுத்திருப்பது சாம்பல் கலந்த மங்கிய பச்சை. உறைந்த குளங்களுக்கும் அதே நிறம். மேலே ஒரு பச்சைச் சாம்பல், கீழே ஒரு பச்சைச் சாம்பல், நடுவில் பனி மூடிய ஊர் மாட்டிக்கொண்டிருக்கிறது. படத்தைப் பார்க்கும்போது குளிர்வது இதனால்தான். வானத்தை நீலமாக்கிவிட்டால் குளத்துக்கும் வானத்துக்கும் இருந்த உறவு அறுந்துபோகும். அப்புறம் மிஞ்சுவது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை.

நான் தேயிலை ஆலையில் வேலை பார்க்கிறவன். எங்கள் டேஸ்டிங் மேஜை வடக்கு ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும், இந்தத் தொழிலில் வழக்கம் அதுதான். வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் நேர் வெயில் அவ்வளவாக இருக்காது, அதனால் லிக்கரின், அதாவது வடித்த தேநீரின், நிறத்தை நம்பி மதிப்பிடலாம். கடையில் இருப்பதோ வெள்ளை எல்இடி குழல்விளக்கு, அதன் கீழே எந்த நிறத்தையும் தீர்மானிக்க முடியாது. எனவே அடுத்த முறை வெளிச்ச அளவை மாற்றி அடித்த துண்டுகள் வந்தபோது, கடைக்காரரை ஆலைக்கே வரச் சொன்னேன். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். கோப்பைகளை ஓரமாக நகர்த்திவிட்டுத் துண்டுகளை வரிசையாகப் பரப்பினோம்.

அவருக்கு உண்மையான கவலை ஒன்று இருந்தது. “சார், இந்த மங்கலா இருக்கறத மாட்டினா, வர்றவங்க பிரின்ட் சரியில்லைன்னு என்னையத்தாங்க சொல்வாங்க.”

“அந்த மங்கல்தாங்கண்ணா படமே. பனியப் பாக்காதீங்க, நெருப்பப் பாருங்க” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். பிரகாசமாக்கிய துண்டில் சத்திர வாசல் நெருப்பு வெளிறிப்போய், பக்கத்துப் பனியோடு போட்டி போட முடியாமல் தோற்றுக் கிடந்தது. மங்கலான துண்டில் அதே நெருப்பு கனன்றது. மையில் மஞ்சளையோ சிவப்பையோ யாரும் கூட்டவில்லை. சுற்றியிருக்கும் பனியை அடக்கி வைத்ததால் நெருப்புக்கு உயிர் வந்தது. படம் முழுவதிலும் சூடான நிறம் இருப்பது கொஞ்சமே. இந்தத் தீ, சத்திரத்துச் செங்கல், நாய்களின் பழுப்பு, அப்புறம் தூரத்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் பற்றிய நெருப்பு. அந்தக் கடைசி நெருப்பு பாதி அளவுப் பிரதியில் ஒரு பொட்டு மட்டும்தான். அணைக்க ஏணி சாத்தி ஆட்கள் கூரையில் ஏறியிருப்பதும் உண்டு. குளிர் இவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்ட படத்தில், சூட்டுக்கு ஓவியர் ஒதுக்கியது சில விரற்கடை இடங்கள்தான். அதனால்தான் ஒவ்வொன்றும் கண்ணில் படுகிறது.

கடைக்காரர் நீண்ட நேரம் இரண்டு துண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு நாய்களைக் காட்டினார். “இதுல நாயெல்லாம் ஒரே கறுப்பா ஒட்டிக்கிச்சுங்க. அதுல ஒண்ணொண்ணும் தனியா தெரியுது.” சரியான கவனிப்பு. வெளிச்சத்தோடு கான்ட்ராஸ்டையும் கூட்டினால் இருட்டுப் பகுதிகள் அடைத்துக்கொள்ளும். நாய்களில் பழுப்பு உண்டு, சாம்பல் உண்டு, வேட்டை நாய், குட்டை நாய் என்று வகைகளும் உண்டு. மரப்பட்டையும் கறுப்பு இல்லை, கரும்பழுப்பு. லேபுக்கு அங்கிருந்தே போன் போட்டு, எந்தத் திருத்தமும் செய்யாமல் அடிக்கச் சொன்னார்.

காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 308 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 308 கிராம் எடை) பருத்திக் காகிதம், நிறமி மை. வெண்மையூக்கி (காகிதத்தைப் பளீரென்று காட்டச் சேர்க்கும் ரசாயனம்) சேர்க்காத வகையாகக் கேட்டு வாங்குங்கள். வெண்மையூக்கி கலந்த காகிதம் புற ஊதா ஒளி பட்டால் நீலம் அடிக்கும், 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூர் வெயிலில் புற ஊதா சமவெளியைவிட அதிகம். புரூகல் காலத்து வெள்ளை ஈய வெள்ளை, அதில் இந்த நீலம் இல்லை. இன்று நாம் பழகிய பளீர் டைட்டானியம் வெள்ளை ஓவியர்கள் கைக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டில். ஆக, காகிதமே லேசான பால் நிறத்தில் இருந்தால்தான் அந்தப் பனி பனியாக இருக்கும்.

ஃப்ரேம் வேலையில் கடைக்காரர் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தார். படத்தைச் சுற்றி வெள்ளை மவுன்ட் அட்டை வைக்கலாம் என்று சொல்லியிருந்தேன், எல்லாரும் அப்படித்தானே வைக்கிறார்கள். அவர் வெள்ளை அட்டையின் மூலை ஒன்றை எடுத்துப் பிரதியின் மேல் வைத்துக் காட்டினார். அந்த நொடியே பனி அழுக்காகிவிட்டது. படத்திலுள்ள மிக வெளுத்த இடத்தைவிட அட்டை வெளுப்பாக இருக்கக் கூடாது என்றார். கல்யாண ஆல்பத்தில் பட்டுப்புடவை நிறத்தைப் பார்த்துப் பார்த்து வந்த அனுபவம் என்று சொன்னார். பழுப்பு கலந்த சாம்பல் அட்டை வைத்தோம், அமிலம் இல்லாத வகை. பனி மறுபடி வெளிச்சமானது. சட்டத்துக்குப் பழைய பங்களா ஜன்னலிலிருந்து கிடைத்த தேக்கு, ஒன்றேகால் அங்குல அகலம், மினுக்கு இல்லாத பூச்சு. தங்க நிறப் பட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நெருப்பின் மஞ்சளை அது தின்றுவிடும்.

நம் ஊரில் ஃப்ரேம் வேலையின் உண்மையான சோதனை அக்டோபர், நவம்பர் மழைதான். சுவர் ஈரம் இழுத்து, படத்துக்குப் பின்னால் பூஞ்சை பிடித்து, கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்ட குடும்பப் படங்கள் எத்தனை வீட்டில் இருக்கின்றன. இவர்கள் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி விட்டு மெல்லிய கட்டை வைக்கிறார்கள். பின்பலகையின் விளிம்பு முழுக்க டேப் போட்டு அடைக்கிறார்கள். நான்கு மூலையிலும் ரப்பர் பொத்தான் வைப்பதால் சட்டம் சுவரை ஒட்டாமல் காற்று புகுந்து வருகிறது. என் படம் ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. ஈரப்புள்ளி எதுவும் இல்லை, தாள் நெளியவும் இல்லை.

மாட்டுவதற்கும் அவரே வந்தார். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவர் வேண்டவே வேண்டாம், கண்ணாடியில் ஜன்னல்தான் தெரியும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவரே நல்லது. எந்தப் பக்கச் சுவர் என்பதில் இந்தப் படம் நமக்குச் சலுகை தருகிறது. டச்சு ஓவியர் வெர்மியர் வரைந்த அறைகளில் வெளிச்சம் பெரும்பாலும் இடது ஜன்னலிலிருந்து வரும். அப்படிப்பட்ட படத்தை, வீட்டு ஜன்னலும் இடது பக்கம் இருக்கும்படி மாட்டினால் அறை வெளிச்சமும் பட வெளிச்சமும் ஒன்று சேரும், மாற்றி மாட்டினால் இடிக்கும். புரூகலின் வானத்துக்குத் திசை இல்லாததால் எந்தப் பக்கமும் பொருந்தும். இரவுக்கு, மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவான 4000 கெல்வின் வெளிச்சம், நிறம் காட்டும் திறன் 90-க்கு மேல் உள்ள விளக்கு ஒன்றைப் போடச் சொன்னார். மஞ்சள் பல்பு போட்டால் அந்தப் பச்சைச் சாம்பல் சேறாகிவிடும்.

அம்மா இந்தப் படத்தில் பார்ப்பது வேட்டைக்காரர்களை அல்ல. வலது கீழ் மூலையில் சின்னப் பாலத்தின் மேல் விறகுக் கட்டோடு போகிற ஒரு பெண்ணை. “இந்தக் குளிர்ல இவளும் விறகுக்குத்தான் போயிருக்கா பாரு” என்று வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் காட்டுகிறார். ஊட்டியை அடுத்த தலைகுந்தா பக்கம் உறைபனி விழுந்த காலையில் விறகு பொறுக்கப் போனவர் அவர். அந்தப் பெண் பிரதியில் என் கட்டைவிரல் நக அளவுதான். பாதி அளவுக்குக் கீழே சின்னதாக அடித்திருந்தால் இவளெல்லாம் ஒரு கறையாகப் போயிருப்பாள். எனவே 12-க்கு 18 அங்குலத்தில் இந்தப் படத்தைக் கேட்காதீர்கள். ஒற்றை முகம் உள்ள ஓவியத்துக்கு அந்த அளவு போதும், நூறு சின்ன விஷயம் உள்ள படத்துக்குப் போதாது.

செலவு: அச்சு, சோதனைத் துண்டுகள் உட்பட 4,200 ரூபாய். சட்டம், மவுன்ட், பிரதிபலிப்பு குறைந்த அக்ரிலிக் சேர்த்து 6,300. வீட்டுக்கு வந்து மாட்டியதற்கு 300. மொத்தம் 10,800. சாதாரணக் கண்ணாடி போட்டால் 1,500 குறையும். பக்கவாட்டுச் சுவர் கிடைத்தால் சாதாரணக் கண்ணாடியே போதும் என்பது என் கருத்து. விலை குறைவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒவ்வொரு ரூபாயும் படத்தில் தெரிகிறது.

குறைகள் உண்டு. சொன்ன நாளில் வேலை முடிவதில்லை. முகூர்த்த மாதங்களில் கல்யாண போட்டோ வேலை குவிந்துவிடும், நம் படம் ஓரத்தில் காத்திருக்கும். போனை எடுப்பது அபூர்வம். பில்லில் “படம் 1” என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். காகித வகை, மை, அட்டை எல்லாவற்றையும் எழுதி வாங்குவது நல்லது, பிறகு பேச்சுக்கு இடம் இருக்காது. மாட்டும் கம்பி முதலில் மெல்லியதாக இருந்தது, கேட்டதும் முறுக்குக் கம்பி போட்டுத் தந்தார்கள். கேட்காமலே போட வேண்டிய இடம் அது, இந்த எடைக்கு.

போகிறவர்கள் வாரநாளில் காலையில் போங்கள். சனிக்கிழமை சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது, ஞாயிறு கடை விடுமுறை. படக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். துண்டு வந்ததும் குழல்விளக்கின் கீழே பார்த்துத் தலையாட்டிவிடாமல், கடை வாசலுக்கு எடுத்துவந்து, மேகம் மூடிய நேரத்தில் பாருங்கள். லேபுக்குக் கொடுக்கும் சீட்டில் “வெளிச்சம் கூட்ட வேண்டாம்” என்று கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். இப்போதெல்லாம் நான் சொல்லாமலே அவர் அதை எழுதுகிறார்.